ஒரே மரம், ஓர் ஆண்டு: பினாங்கில் தூங்குமூஞ்சி மரத்தைக் கவனிப்பது எப்படி (முழுமையான வழிகாட்டி)

இயற்கையைக் கவனிக்கப் போகிறோம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கொடிமலைக்கோ தெலுக் பஹாங் தேசியப் பூங்காவுக்கோதான் போகிறார்கள். கைப்பேசி நிறையப் படங்களோடு திரும்புகிறார்கள். என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால் ஒரு பெயர்ப்பட்டியல் வருகிறது. ஏன் என்று கேட்டால் ஒற்றைச் சொல் வருகிறது: மழை, வெயில், சீசன். அந்த ஒற்றைச் சொல்லோடு கவனிப்பதும் நின்றுவிடுகிறது.

அந்தப் பழக்கம் போக எனக்குத் தெரிந்த நல்ல வழி, வீட்டுக்குப் பக்கத்தில் உள்ள ஒரே ஒரு மரத்தை ஓராண்டு தொடர்ந்து பார்ப்பது. தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. ஆனால் படிகளின் வரிசை முக்கியம். புதிதாக வருகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் ஐந்தாவது படியை முதல் நாளே செய்யப் பார்ப்பதால்தான்.

1. மரத்தைத் தேர்ந்தெடுங்கள்

தூங்குமூஞ்சி மரத்தையே எடுத்துக்கொள்ளச் சொல்வேன். குடைபோல் விரிந்த பெரிய மரம். தூரிகை மயிர் போன்ற இளஞ்சிவப்புப் பூ, கருத்த ஒட்டும் நெற்று, சாயங்காலம் மடங்கிக்கொள்ளும் இலை. மஞ்சள் பூவும் வட்டச் சிறகுள்ள காயும் இருந்தால் அது அங்சானா, வேறு மரம். பினாங்கின் பழைய சாலைகளில் இரண்டுமே உண்டு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த மரத்துக்கு இரண்டு வசதிகள். ஒன்று, தினமும் கண்ணுக்குத் தெரிகிற ஓர் அசைவு அதனிடம் இருக்கிறது. பூப்பதற்காக மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டாம். இன்னொன்று, வயதான மரமென்றால் அதன் கிளைகளில் பறவைக்கூடு பெரணி, புறா ஆர்க்கிட், பாசி, எறும்பு என்று ஒரு குடியிருப்பே இருக்கும். இளம் மரத்தில் இது கிடைக்காது. அதனால் அடிமரம் பருத்து, கிளைகளில் செடிகள் ஒட்டியிருக்கும் மரமாகப் பாருங்கள்.

மரம் உங்கள் வழியில் இருக்க வேண்டும். பிளாட்டின் கார் நிறுத்துமிடம், பேருந்து நிறுத்தம், பிள்ளையைப் பள்ளியில் விடும் தெரு, எதுவானாலும் சரி. தண்ணீர்மலைத் தாவரத் தோட்டம் அழகான இடம்தான். ஆனால் நீங்கள் இருப்பது பாயான் லெப்பாஸ் என்றால் மூன்றாவது வாரமே போகாமல் விட்டுவிடுவீர்கள். தினமும் பார்க்கிற சாதாரண மரம் மாதம் ஒருமுறை பார்க்கிற அழகான மரத்தைவிட அதிகம் கற்றுத்தரும், ஏனென்றால் மாற்றங்கள் நடப்பது இடையில் உள்ள நாட்களில்.

இப்போதே நிற்கும் இடத்தையும் முடிவு செய்யுங்கள். மரத்தின் கீழே நிற்காமல், முழுக் குடையும் தெரிகிற எதிர்ப்பக்கம் நில்லுங்கள். ஆண்டு முழுக்க அதே இடம்தான். இடம் மாறினால் மரம் மாறியதுபோல் தோன்றும். காற்றும் இடியுமாக இருக்கும்போது மரத்தடிக்குப் போகவே வேண்டாம், இந்த மரத்தின் கனத்த கிளைகள் முறிந்து விழக்கூடியவை.

2. கையில் இருக்க வேண்டியவை

பெட்டிக்கடையில் கிடைக்கும் சின்ன 555 நோட்டு. சட்டைப்பையில் அடங்கும், அதனால் எடுத்துப் போவீர்கள். பென்சில், ஏனென்றால் பேனா மை மழையில் கரையும். அன்றைய உச்சத்தையும் தாழ்வையும் காட்டும் மலிவான வெப்பமானி ஒன்று. நேரான பக்கங்களுள்ள ஒரு டப்பா, ஒரு அடிக்கோல்: இதுதான் உங்கள் மழைமானி. 8 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் தொடங்கலாம்.

மழைமானியை நான் வற்புறுத்துவதற்குக் காரணம் தீவின் அமைப்பு. நடுவில் 833 மீட்டர் உயரக் கொடிமலை நிற்கிறது. ஆயர் ஈத்தாமில் கொட்டும்போது விமான நிலையப் பக்கம் வெயில் அடிக்கும். வானிலைச் செய்தியில் ‘பினாங்கில் மழை’ என்று வந்தால் அது உங்கள் மரத்தின் மேல் பெய்த மழை ஆகாது. டப்பாவைக் கூரையோ கிளையோ மறைக்காத இடத்தில் வைத்து, தினம் காலையில் ஒரே நேரத்தில் அளந்துவிட்டுக் கொட்டிவிடுங்கள். கொட்ட மறந்தால் அந்த அளவு வீண். கொசு முட்டையிடவும் அது இடமாகிவிடும்.

3. முதல் இரண்டு வாரம்: பெயரும் வேண்டாம், காரணமும் வேண்டாம்

எல்லாருக்கும் சிரமமான கட்டம் இதுதான். ஒரு பறவை வந்து உட்கார்ந்ததும் “சார், இது பேரு என்ன?” என்று பிள்ளைகள் கேட்பார்கள். பெரியவர்கள் கைப்பேசியை எடுப்பார்கள். பெயர் கிடைத்த மறுநொடியே பறவையிலிருந்து கண் விலகிவிடும். எத்தனையோ பேரிடம் இதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் இந்த இரண்டு வாரமும் விவரிப்பு மட்டும். ‘மைனாவைவிடச் சிறியது, முகம் வெளுப்பு, கண்ணருகே கறுப்பு, வாலடியில் மஞ்சள், கிளை நுனியில் இருந்தது, இரண்டாக வந்தது.’ இப்படி எழுத நீங்கள் உண்மையிலேயே பார்த்தாக வேண்டும். பெயரை எழுதப் பார்க்கவே தேவையில்லை.

ஒருமுறை போனால் பத்து நிமிடம் போதும். முதல் இரண்டு நிமிடம் எதையும் எழுதாமல் நில்லுங்கள். நீங்கள் வந்ததும் அமைதியான அணிலும் பறவையும் மீண்டும் நடமாட அவ்வளவு நேரமாவது வேண்டும். பிறகு எப்போதும் ஒரே வரிசையில் பாருங்கள்: வேர், அடிமரம், கிளை, கிளையில் ஒட்டிய செடிகள், இலை, உச்சி, கடைசியில் தரை. தரையை எல்லாரும் மறக்கிறார்கள். உதிர்ந்த பூ, கடித்த நெற்று, எச்சம் எல்லாம் கிடப்பது அங்கேதான். மரத்தின் மேலே இரவில் நடந்ததைக் காலையில் தரையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

4. பக்கத்தின் நடுவே ஒரு கோடு

மூன்றாம் வாரத்திலிருந்து நோட்டின் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டாகப் பிரியுங்கள். இடப்பக்கம் கண்டது, வலப்பக்கம் நினைத்தது. ‘அணில் பட்டையைக் கொறித்தது’ இடப்பக்கம். ‘அணிலுக்குப் பசி’ வலப்பக்கம்.

சின்ன வேலைபோல் தெரியும். ஆனால் மூன்று மாதம் கழித்து நோட்டைத் திருப்பும்போது, கோடு போடாதவரின் பக்கங்களில் எது பார்த்தது, எது ஊகித்தது என்று அவருக்கே தெரியாது. பார்த்தது மாறாது. நினைத்ததை மாற்றிக்கொள்ள வேண்டிவரும். மாற்றும்போது பழையதை அழிக்காமல், புதிய தேதி போட்டுப் பக்கத்தில் எழுதுங்கள்.

வலப்பக்கத்துக்கு ஒரு விதி: ஒரு காரணம் எழுதினால் இன்னும் இரண்டு காரணங்களாவது சேர்த்து எழுத வேண்டும். அணில் பசியால் கொறிக்கலாம். பட்டைக்கு அடியில் பூச்சி இருக்கலாம். கூட்டுக்கு நார் தேடலாம். மூன்று எழுதினால்தான் அடுத்த முறை எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். வாயில் நார் கவ்விக்கொண்டு போகிறதா, பட்டைக்குள் முகத்தை நுழைக்கிறதா? ஒரே காரணம் எழுதினவர் அடுத்த முறை பார்க்க எதுவும் இல்லாமல் நிற்பார்.

5. இலை மூடுவதைச் சோதியுங்கள்: நான்கு கட்டங்கள்

இந்த மரம் மழைக்கு முன்னால் இலையை மூடிக்கொள்ளும் என்று நம் ஊரில் எல்லாரும் சொல்வார்கள். மலாயில் இதற்கு ‘ஐந்து மணி’ என்று பொருள்படும் பெயரும் உண்டு. மழை, ஐந்து மணி என்று இரண்டு எளிய விடைகள் தயாராக இருக்கின்றன. அதனால்தான் பழகுவதற்கு இது நல்ல பாடம்.

நோட்டின் இரண்டு பக்கங்களை ஒதுக்கி நான்கு கட்டங்கள் போடுங்கள். கருமேகம் உண்டு, மழையும் பெய்தது. கருமேகம் உண்டு, மழை இல்லை. வெயில் இருக்கும்போதே மழை, அதாவது காக்காவுக்கும் நரிக்கும் கல்யாணம் என்போமே, அது. கடைசியாக, மேகமும் இல்லை, மழையும் இல்லை. ஒவ்வொரு பிற்பகலும் இலை எவ்வளவு மூடியிருக்கிறது என்று பார்த்து அதற்குரிய கட்டத்தில் எழுதுங்கள். முழுக்கத் திறந்தது, பாதி, முழுக்க மூடியது என்று மூன்று நிலை போதும்.

ஏன் நான்கு? புதியவர்கள் முதல் கட்டத்தை மட்டுமே நிரப்புகிறார்கள். மேகம் வந்தது, இலை மூடியது, மழை பெய்தது, ஆகா என்று எழுதிவைக்கிறார்கள். மேகம் வந்து, இலை பாதி மூடி, மழை பெய்யாமல் போன நாள் ஒன்றும் நடக்காத நாள் போலத் தோன்றுவதால் நோட்டில் ஏறுவதில்லை. உண்மையில் உங்கள் கேள்விக்கு விடை சொல்லும் நாள் அதுதான். இலை மூடுவதற்கு மழை காரணமா, ஒளி குறைவது காரணமா என்று பிரித்துக் காட்டுவது இரண்டாவது, மூன்றாவது கட்டங்கள் மட்டுமே. வெயில் மழை எப்போதாவதுதான் வரும். வந்தால் குடையை எடுத்துக்கொண்டு ஓடுங்கள்.

இலை எப்படி அசைகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சிற்றிலைகளும் காம்பும் சேரும் இடத்தில் தடித்த மூட்டு இருக்கிறது. மூட்டின் ஒரு பக்கத்துச் செல்களிலிருந்து நீர் வெளியேறி அது தளர, மறுபக்கம் நீரேறிப் புடைக்க, இலை மடங்குகிறது. அதை இயக்குவது ஒளி மட்டுமல்ல. மரத்துக்குள் நாள் கணக்கு ஒன்று ஓடுகிறது. தொடர்ந்து இருட்டிலேயே வைத்தாலும் அந்த மூட்டுகள் சில நாளுக்குத் தம் நேரப்படி மடங்கி விரியும். ஆக ஒளி, உள்ளே ஓடும் நாள் கணக்கு இரண்டும் சேர்ந்த விடை. ‘ஐந்து மணி’ என்றால் போதாது, ‘மேகம்’ என்றாலும் போதாது.

கடிகாரம் இங்கே ஒரு பொறியும் வைத்திருக்கிறது. பினாங்கில் சூரியன் மறைவது நவம்பரில் ஏழு மணியை ஒட்டி, ஜூலையில் ஏழு நாற்பதை ஒட்டி. நேரத்தை மட்டும் எழுதினால் ‘மரம் ஜூலையில் தாமதமாகத் தூங்குகிறது’ என்று முடிவுக்கு வருவீர்கள். சூரியன் மறைய எத்தனை நிமிடம் முன்னால் மூடத் தொடங்கியது என்று எழுதுங்கள். தெருவிளக்கு படும் கிளை ஒன்றையும் படாத கிளை ஒன்றையும் குறித்துவைத்துச் சேர்த்தே பாருங்கள்.

6. புறா ஆர்க்கிட்: பின்னோக்கி எண்ணுங்கள்

வெப்பமானியும் மழைமானியும் எதற்கு என்று இப்போது விளங்கும்.

பழைய தூங்குமூஞ்சி மரக் கிளைகளில் கரும்புச் சோகைபோல் மெலிந்து தொங்கும் செடிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான நாட்களில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். திடீரென்று ஒரு காலையில் தெரு முழுக்க எல்லா மரத்திலும் ஒரே நேரத்தில் வெள்ளைப்பூ, நல்ல வாசம். அன்று இரவுக்குள் வாடிவிடும். அடுத்த நாள் போனால் ஒன்றும் இல்லை.

அன்று காலை ஏன் பூத்தது என்று கேட்டால், நேற்று பெய்த மழை என்பார்கள். அல்லது நேற்றைய வெயில். நோட்டை எடுத்து ஒன்பது நாள் பின்னோக்கிப் போங்கள். அங்கே ஓர் இடிமழை இருக்கும், வெப்பமானியில் திடீர்ச் சரிவும் இருக்கும். இந்தச் செடியின் மொட்டு ஓரளவு வளர்ந்ததும் நின்றுவிடுகிறது. மழையோடு காற்று சட்டென்று ஐந்து பாகை செல்சியஸோ அதற்கு மேலோ குளிர்ந்தால் நின்ற மொட்டுகள் எல்லாம் ஒன்றாக வளரத் தொடங்கி, ஒன்பது நாள் வாக்கில் விரிகின்றன. ஒரே நாள் வாழும் பூ, தேனீ வழியாக இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். தனித்தனி நாளில் பூத்தால் காய்க்க வழியில்லை.

ஒன்பது நாளுக்கு முந்தைய காரணத்தை நினைவை வைத்து யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அந்த இடைவெளியில் வேறு மழைகள் பெய்திருக்கும், வெயில் அடித்திருக்கும், நம் மனம் அருகில் உள்ளதைப் பிடித்துக்கொள்ளும். தேதியிட்ட நோட்டு மட்டுமே அவ்வளவு தூரம் எட்டும். அதனால்தான் ‘ஒன்றுமில்லை’ என்று தோன்றும் நாளிலும் வெப்பமும் மழையும் எழுதச் சொல்கிறேன். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படிதான் உங்களால் முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

விதி தெரிந்துவிட்டது என்று இங்கேயும் நிறுத்தாதீர்கள். பெருமழை பெய்து ஒன்பது நாள் கழித்தும் பூக்காத முறைகளும் வரும். மொட்டுகள் அந்த நிலைக்கு வளர்ந்திருக்காவிட்டால் குளிர் வந்தும் பயனில்லை. மழை மெதுவாகக் குளிர்வித்திருக்கலாம். பூக்காத ஒன்பதாம் நாளையும் எழுதுங்கள்.

7. இப்போது பெயர்கள்

மூன்று மாதம் போல ஆனதும் செயலிகளைத் திறக்கலாம். ஐநேச்சுரலிஸ்டில் படத்தை ஏற்றினால் மற்றவர்கள் பெயர் சொல்லுவார்கள். முதலில் செயலி காட்டும் பெயர் ஒரு பரிந்துரைதான். உங்கள் விவரிப்போடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மலேசிய இயற்கைக் கழகத்தின் பினாங்குக் கிளையோடு ஒருமுறை நடந்து பாருங்கள், கேட்டுக்கேட்டுப் பழகிய காதுகள் அங்கே இருக்கின்றன.

பெயர் கிடைத்ததும் பழைய பக்கங்களுக்குத் திரும்பிப் போய் எழுதுங்கள். வெளுத்த முகம், கண்ணருகே கறுப்பு, மஞ்சள் வாலடி என்று நீங்கள் எழுதியது பெரும்பாலும் மஞ்சள்வாலடிக் கொண்டைக்குருவியாக இருக்கும்.

8. மரத்திலிருந்து வெளியே கோடு இழுங்கள்

ஒரு பெரிய தாளில் நடுவே மரம், சுற்றிலும் நீங்கள் கண்ட உயிர்கள். யார் யாரைத் தின்றார், யார் யார் கூட்டில் இருந்தார் என்று கோடு போடுங்கள். கண்ணால் கண்ட உறவுக்கு நேர்க்கோடு, படித்ததற்கும் கேட்டதற்கும் புள்ளிக்கோடு.

காக்கையையும் குயிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். அமாவாசைக்குச் சோறு வைக்கிற நமக்குக் காக்கை இந்த மண்ணில் என்றும் இருந்ததுபோல் தோன்றும். 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டப் புழுக்களைத் தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட பறவை அது. காப்பித் தோட்டங்கள் போயின, காக்கை நகரங்களில் பெருகியது. காக்கைக் கூட்டில் முட்டையிடும் குயிலும் நகரத்துக்குள் பரவியது. விடியலில் பிளாட் வாசலில் கேட்கிற கூவலுக்குப் பின்னால் இந்தச் சங்கிலி முழுவதும் இருக்கிறது. ‘காக்கை வந்தால் புழு போகும்’ என்று ஒரே கோடு போட்டவர்கள் மற்ற கோடுகளை யோசிக்கவில்லை.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். பாமாயில் தரும் செம்பனை காற்றால் மகரந்தச் சேர்க்கை அடையும் மரம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். இங்கே காய்ப்பு போதவில்லை, அதனால் தோட்டங்களில் தொழிலாளர்கள் பூப்பூவாகப் போய்க் கையால் மகரந்தம் தூவினார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த வேலையைச் செய்திருக்கக்கூடும், கேட்டுப் பாருங்கள். ஆப்பிரிக்காவின் கேமரூன் நாட்டில் செம்பனைப் பூக்களைப் பொறுமையாகப் பார்த்தபோதுதான் அந்த வேலையைச் செய்வது ஒரு சின்ன வண்டு என்று தெளிவானது. தேவையான சோதனைகளுக்குப் பிறகு 1981இல் அந்த வண்டை மலேசியத் தோட்டங்களில் விட்டார்கள், கையால் தூவும் வேலை நின்றது. கொண்டுவந்தது இரண்டு கதையிலும் வெளியூர் உயிர்தான். ஆகவே ‘வெளியிலிருந்து கொண்டுவருவது தவறு’ என்ற விதியும் எளிதில் நிற்காது. வண்டு விஷயத்தில் முதலில் பூவைப் பார்த்தார்கள், பிறகு வண்டையும் சோதித்தார்கள். உங்கள் தாளில் புள்ளிக்கோடுகள் அதிகமாக இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

9. மனிதர் கையையும் எழுதுங்கள்

கிளை வெட்டினார்களா, எந்தப் பக்கம், எந்தத் தேதி. வேரைச் சுற்றி சிமெண்ட் போட்டார்களா. புது விளக்கு வந்ததா. குரங்குக்கு யாராவது ரொட்டி போடுகிறார்களா. இவற்றை எழுதாதவர்கள், பிறகு வடபக்கம் பூ குறைந்ததைப் பார்த்துப் ‘பருவநிலை மாற்றம்’ என்று எழுதுகிறார்கள். பருவநிலை மாற்றம் உண்மையானது, பெரியது. அதனாலேயே அதை ஒரு கிளைக்கான காரணமாக அவசரப்பட்டு எழுதிவிடக் கூடாது. முதலில் ரம்பம் பட்ட இடம் இருக்கிறதா என்று பாருங்கள்.

10. மாதக் கடைசியும் ஆண்டு முடிவும்

மாதக் கடைசியில் அரை மணி நேரம் உட்கார்ந்து அந்த மாதத்தை வாசியுங்கள். வலப்பக்கத்தில் எந்த ஊகம் தவறிப்போனது, எது இன்னும் நிற்கிறது என்று குறியுங்கள். அடுத்த மாதம் பார்க்க ஒரே ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு வேண்டாம். ஐந்து கேள்வியோடு போனவர்கள் பாதியில் சோர்ந்துவிடுகிறார்கள்.

இரண்டு மூன்று நாள் விட்டுப்போனால் நினைவிலிருந்து நிரப்பாதீர்கள். வெறுமனே ‘பார்க்கவில்லை’ என்று எழுதுங்கள். வெற்றுப் பக்கம் கணக்கைக் கெடுக்காது. கற்பனையில் நிரப்பிய பக்கம் கெடுக்கும்.

ஆண்டு முடிந்தால் மரத்தை மாற்றாதீர்கள். ஜனவரி, பிப்ரவரி வறண்டிருப்பதும் செப்டம்பர், அக்டோபரில் மழை கூடுவதும் பினாங்கின் வழக்கம். ஆனால் எந்த ஆண்டும் முந்தைய ஆண்டுபோலவே இருப்பதில்லை. இலை உதிர்ந்த வாரம், தளிர்த்த வாரம், பூத்த வாரம் இந்த முறை தள்ளிப்போனதா என்று சொல்ல இரண்டாம் ஆண்டு வேண்டும். புது நோட்டின் முதல் பக்கத்தில் பழைய நோட்டிலிருந்து மூன்றே மூன்று எழுதுங்கள்: விடை கிடைக்காத ஒரு கேள்வி, நிரம்பாத ஒரு கட்டம், கடைசியாக ஆர்க்கிட் பூத்த தேதி.